நேற்றுவரை தம்பி, இன்று முதல் சேர்

இந்த முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே விஷயம்தான்: புதிதாக முகாமையாளர் ஆகிவிட்டேன், என்ன செய்வது? மே மாதம் சீசன் தொடங்குமுன் ஆட்களை மேலே தூக்கிப் போடுவது நம்முடைய திருகோணமலையில் வழக்கம்தானே. கதிரை கிடைக்கும், அதில் எப்படி இருப்பது என்று சொல்லித்தர ஆள் கிடைக்காது. நான் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. ஒரு சங்கக்கடையில் ஒன்பது வருடம், அப்புறம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஸ்டோர்ஸ், ஹவுஸ்கீப்பிங் என்று பன்னிரண்டு வருடம். இரண்டு இடத்திலும் கீழே இருந்து மேலே போனவள், அவ்வளவுதான். அதனால் பதிலில் பருப்பு மூட்டையும் படுக்கை விரிப்பும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் ஐந்து வருடம் ரிசெப்ஷனில் வேலை செய்தேன். வயது 29. மாசியில் என்னை ஃப்ரண்ட் ஒஃபிஸ் மனேஜராகப் போட்டார்கள். எனக்குக் கீழே 11 பேர், அதில் ஏழு பேர் நேற்றுவரை என்னோடு தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள். ஒருவரிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு அது பிழைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நானே செய்தால் கெதியாக முடிகிறது, அதனால் நானே செய்கிறேன். வீட்டுக்குப் போக இரவு 11 மணி. பெடியங்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலாளியோ "உன்னிடம் தலைமைத்துவம் இல்லை" என்கிறார்.
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் "நானே" என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். நீங்கள் களைத்துப் போவதற்குக் காரணமும் அதுதான், மற்றவர்கள் போனைப் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான். எல்லாவற்றையும் செய்ய ஒருவர் ஓடித் திரியும்போது அவர்கள் வேறு எதைப் பார்ப்பது?

போன வருடம் ஒரு போயா விடுமுறைக்குச் சொந்தக்காரரோடு ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தேன், எதென்று கேட்காதீர்கள். பகல் இரண்டு மணி, இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள், பிள்ளைகள் கடலைக் கண்டு அந்தப் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டன, மேசையில் ஒரு சின்னப் பெண் அடையாள அட்டை இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். மெதுவாகத்தான் தட்டினாள், ஆனால் பிழையில்லாமல். பின்னால் இருந்து புது மனேஜர் வந்தார். "விடு, நான் பார்க்கிறேன்" என்று அவளுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி மவுஸை எடுத்துக்கொண்டார். அவள் அரை அடி விலகி நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, வரவேற்புப் பானத் தட்டில் இருந்த கிளாஸ்களை நேராக்கினாள், அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மனேஜர் நாலு நிமிடம் மிச்சம் பிடித்தார். அடுத்த நாள் காலை ஒரு பெரியவர் வந்து அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று அவளிடம் சொன்னார். பராமரிப்புக்காரருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலை. அவள் சொன்னது: "சேர் வரட்டும்."

உங்கள் ஹோட்டலில் அந்த "சேர் வரட்டும்" ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் இரவு 11 மணி.

ஒரு கொப்பி எடுங்கள். ஒரு கிழமைக்கு நீங்கள் செய்யும் எல்லாவற்றையும் எழுதுங்கள், வெட்கப்படாமல், சாவி தேடியதையும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நான் காய்ச்சலில் படுத்தால் இதை யார் செய்வார் என்று கேட்டுப் பெயரை எழுதுங்கள். ரோஸ்டர், லீவு, சம்பளத் தகராறு, முதலாளியோடு கதைப்பது, இவை உங்களுடையவை, வேறு யாருக்கும் தள்ள முடியாது. புறாமலைக்குப் படகு ஒழுங்கு பண்ணுவது, ஓட்டோ கூப்பிடுவது, அறை மாற்றிக் கொடுப்பது, முறைப்பாட்டுக் கொப்பியில் பதில் எழுதுவது எல்லாம் உங்களுடையவை அல்ல, பழக்கத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கிழமைக்கு இரண்டாகக் கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பது என்றால் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு முடிவெடுப்பதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இல்லை. புது மனேஜர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். "அறை காலி செய்யும் நேரத்தைப் பகல் இரண்டு மணிவரை நீட்டிக் கொடுக்க என்னைக் கேட்க வேண்டாம்", "3,000 ரூபாவுக்குள் தீர்க்கக்கூடிய முறைப்பாட்டை நீங்களே தீர்த்துவிட்டு எனக்குப் பிறகு சொல்லுங்கள்" என்று எல்லையைச் சொல்லிக் கொடுங்கள். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்கச் சாதாரண ஊழியர் ஒருவர் மேலே கேட்காமல் 2,000 டொலர்வரை செலவழிக்கலாம் என்று ஒரு விதி உண்டு, ஹோட்டல் தொழிலில் எல்லோரும் சொல்லும் உதாரணம் அது. உங்கள் முதலாளி 2,000 டொலரைக் கேட்டால் மயங்கி விழுவார். 3,000 ரூபாவுக்குச் சம்மதிப்பார், கேட்டுப் பாருங்கள்.

பிழை விடுவார்கள். கட்டாயம் விடுவார்கள். அதற்குத்தான் பங்குனியும் சித்திரையும் இருக்கின்றன. இப்போது நாலு அறையில் ஆள் இருக்கும்போது ஒருவர் சாவியை மாற்றிக் கொடுத்தால் சிரித்துவிட்டுப் போகலாம், ஆவணியில் ஹோட்டல் நிறைந்திருக்கும்போது அதே பிழை நடந்தால் இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிவிடுவார்கள். கிழக்குக் கரையில் வேலை செய்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. பழகும் மாதமும் ஓடும் மாதமும் தனித்தனியாக இருக்கின்றன. நீங்கள் பழகும் மாதத்தில் எல்லாவற்றையும் "நானே" செய்துவிட்டு, ஓடும் மாதத்தில் "ஏன் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை" என்று கத்தப் போகிறீர்கள்.

இன்னொன்று, 11 பேரையும் ஒரே மாதிரி விடவும் முடியாது. பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1969இல் சொன்ன விஷயம், இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது: ஆளுக்கு அந்த வேலை எவ்வளவு தெரியும், செய்ய மனம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எவ்வளவு கிட்ட நிற்பது என்று முடிவெடுக்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும், ஆறு வருடம் இருக்கிறவருக்குப் பக்கத்தில் போய் நின்றாலே அவமானம். அந்த ஆறு வருடக்காரரே புதுக் கம்ப்யூட்டர் முறை வந்தால் அதில் புதுப் பிள்ளைதான். ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் ஆளையும் வேலையையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னுடைய பழைய தந்திரம் ஒன்று சொல்கிறேன். யாராவது மெதுவாக வேலை செய்வதைப் பார்க்கப் பொறுக்காவிட்டால் இரண்டு கையிலும் எதையாவது தூக்கிக்கொள்வேன். ஒரு கையில் தேத்தண்ணீர், மற்றக் கையில் சாவிக்கொத்து. கை நிறைந்திருந்தால் பறிக்க முடியாது. சிரிக்காதீர்கள், வேலை செய்தது.

அப்புறம் ஆளுக்கு 15 நிமிடம், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, தனியாக. 11 பேருக்கும் சேர்த்து மூன்று மணித்தியாலம்கூட வராது. "மீட்டிங்" என்று பெயர் வைக்காதீர்கள், பயந்துவிடுவார்கள். ஒரு பிளேன்டியோடு வெளியே நின்று, "எது கஷ்டமாக இருக்கிறது, நான் எதில் இடைஞ்சல்?" என்று கேளுங்கள். முதல் இரண்டு தடவையும் "ஒன்றுமில்லை அண்ணா" என்றுதான் வரும். மூன்றாவது தடவை வரும் பதிலுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் போய், தலைமைத்துவம் என்று எதைச் சொல்கிறார் என்று நேரே கேளுங்கள். பெரும்பாலும் "நான் வரும்போது நீ வியர்த்து நிற்கக்கூடாது" என்பதுதான் அர்த்தமாக இருக்கும்.

கேள்வி: மூதூரில் ஒரு மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன், பொறுப்புக்கு வந்து நாலு மாதம். ஒரு பொடியன் தொடர்ந்து பிந்தி வருகிறான். எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினால்தான் மற்றவர்களும் திருந்துவார்கள் என்று கடை உரிமையாளர் சொல்கிறார். எனக்கு ஏச வராது, அதனால் வட்ஸ்அப் குழுவில் "சிலர் நேரத்துக்கு வருவதில்லை" என்று போட்டேன். இப்போது நேரத்துக்கு வருகிறவர்கள் என்னோடு கோபம். அவன் மட்டும் கட்டைவிரல் உயர்த்திக் காட்டியிருக்கிறான்.
— மூதூர் வாசகர்

பதில்: கட்டைவிரல் உயர்த்தினானா! எனக்கு அந்தப் பொடியனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

"சிலர்" என்று எழுதுவது ஒருவரையும் சுடாத வெடி, பக்கத்தில் நிற்பவரின் காதைத்தான் அடைக்கும். எல்லோருக்கும் முன்னால் ஏசுவது அதைவிட மோசம். அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

சங்கக்கடையில் நான் மனேஜராகி மூன்றாம் மாதம், இருப்பு எடுக்கும்போது ஒரு மூட்டை பருப்பு குறைந்தது. 50 கிலோ. அந்தக் காலத்தில் மனேஜரின் கணக்கில் குறைந்தால் மனேஜர்தான் கட்ட வேண்டும், எனக்கு 26 வயது, கழுத்தில் கிடந்த சங்கிலிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தராசில் நின்ற பையனைப் பார்த்து, வரிசையில் சனம் நிற்க, "மூட்டை எங்கே போனது?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தராசுத் தட்டைத் துணியால் துடைத்தான், திரும்பத் துடைத்தான். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் அவனுடைய அம்மாவுக்குத் தெரிந்தவர்கள்.

இரண்டு நாள் கழித்துக் கொப்பியைத் தட்டும்போது பார்க்கிறேன், ஒரே பற்றுச்சீட்டை நானே இரண்டு தரம் பதிந்திருக்கிறேன். மூட்டை வரவே இல்லை, அப்புறம் எங்கே தொலைவது? அவனைப் பின்னுக்கு, சாக்குகள் அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "கேட்டது முன்னுக்கு, மன்னிப்பு மட்டும் பின்னுக்கா அக்கா?"

அடுத்த நாள் காலை வரிசை நிறைந்திருந்த நேரம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அன்றைக்கு நான் சொன்னது பிழை, கணக்கைப் பிழையாக எழுதியது நான், இவன் இல்லை" என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஒரு ஆச்சி "சரி பிள்ளை, சீனியைப் போடு" என்றா. அதோடு முடிந்தது. ஆனால் அவன் பழையபடி என்னோடு பகிடி விட ஒரு வருடம் எடுத்தது.

ஆகவே தனியாக. அன்றைக்கே, கோபம் ஆறினபிறகு, ஆனால் அடுத்த கிழமைக்குத் தள்ளாமல். "நீ சோம்பேறி", "உனக்குப் பொறுப்பில்லை" என்று ஆளைத் தொடாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்: "திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் 8.20க்கு வந்தாய். புதன்கிழமை பிரஷர் மருந்துக்கு வந்த ஐயா வெயிலில் நின்றார்." சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். இதுதான் கஷ்டம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே "பரவாயில்லை, இனிமேல் பார்த்துக்கொள்" என்று சொல்லி அவனுடைய பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். அவன் கதைக்கட்டும். பஸ் பிரச்சினையா, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா, இரவு முழுக்கக் கிரிக்கெட்டா, வேறு கடையில் வேலை தேடுகிறானா, எதுவென்று தெரியாமல் ஏசுவது நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது போலத்தான், உங்கள் தொழிலில் இருக்கிறவருக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை.

கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல்தான். அதற்கு முன்னால் 'பாதை' என்கிற மிதவைப் படகில் கடந்து வந்தவர்களை, கரையில் நின்ற வரிசையைக் கணக்கில் எடுக்காமல் பிந்தியவர்கள் என்று பதிந்த பாவம் என் கணக்கிலும் கொஞ்சம் இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அரை மணித்தியாலம் பிந்தி வந்து அரை மணித்தியாலம் பிந்திப் போக விட்டிருக்கலாம்.

கேட்ட பிறகும் மாறாவிட்டால்? இரண்டாம் தடவை எழுத்தில். மூன்றாம் தடவை உரிமையாளரோடு இருந்து. ஏச வராதவர்கள் நல்ல மனேஜர் ஆகலாம், சொல்ல வராதவர்கள் ஆக முடியாது.

கேள்வி: நகரத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளை. வயது 31, பெண். என்னைக் கிளைக்குப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். எனக்குக் கீழே 52 வயது அண்ணை ஒருவர், வாடிக்கையாளருக்கு முன்னால் என்னை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். கேட்ட கோப்பு இரண்டு நாள் கழித்துத்தான் வரும். மற்றப் பக்கம், என்னோடு ஒன்றாகச் சாப்பிட்ட தோழிகள் இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. பதவி உயர்வு தண்டனை மாதிரி இருக்கிறது.
— உவர்மலை வாசகி

பதில்: இரண்டு பிரச்சினையையும் சேர்த்துக் குழப்பியிருக்கிறீர்கள் தங்கச்சி. "பிள்ளை" ஒன்று, கோப்பு இன்னொன்று. கோப்பை விடக்கூடாது, பிள்ளையை விட்டுவிடலாம்.

நம்முடைய ஊரில் 52 வயது மனிதர் 31 வயதுப் பெண்ணைப் "பிள்ளை" என்பதில் பாதி பாசம், பாதி வாய்ப்பழக்கம். அதைத் திருத்தப் போனால் "மேடம்" என்று கூப்பிடுவார், அந்த மேடத்தில் இருக்கிற குத்தல் உங்களுக்கு இன்னும் கூடக் கேட்கும். நீங்கள் அவரை அண்ணை என்றே கூப்பிடுங்கள், "நீங்கள்" போட்டே கதையுங்கள். கடன் கேட்டு வந்தவருக்கு முன்னால் உங்கள் முடிவை மறித்தால் மட்டும், பிறகு தனியாக, "அண்ணை, உள்ளுக்குள் எவ்வளவும் மறுத்துக் கதையுங்கள், ஆட்களுக்கு முன்னால் வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவருக்கு அது விளங்கும்.

கோப்பு விஷயத்துக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், அந்தக் கதிரைக்கு அவரும் விண்ணப்பித்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் அந்தப் பேச்சை எடுக்காமல் வருடக்கணக்காக இருவரும் கோப்பால் சண்டை பிடிப்பீர்கள். நீங்களே எடுங்கள்: "அண்ணை, இந்த இடத்துக்கு நீங்களும் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. நான் இதில் இருக்கிறேன் என்பதையும் மாற்ற முடியாது. எப்படிச் சமாளிப்போம்?" அப்புறம் அவருக்கென்று ஒரு துறையை முழுதாகக் கொடுங்கள். மூதூர், தோப்பூர்ப் பக்கம் நிலுவைக்காரர்களின் வீட்டு வாசல் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார். அதில் அவர் சொல்வதே முடிவு என்று விட்டுவிடுங்கள், அறிக்கை மட்டும் வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு மேசையில் இருக்க வேண்டும். மூன்று என்றால் மூன்று. அங்கே சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தால் மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசைக்கு வருவோம். அவர்கள் கூப்பிடாததற்குக் காரணம் பொறாமை என்று நினைக்காதீர்கள். மத்தியானம் அவர்கள் கதைப்பதில் பாதி மேலதிகாரியைப் பற்றி, அது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் போன வருடம் நீங்களும் கதைத்தீர்கள். இப்போது மேலதிகாரி நீங்கள். கிழமைக்கு ஒரு நாள் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் இருங்கள், கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் எழும்பி வந்துவிடுங்கள். உங்களைப் பற்றிக் கதைக்க அவர்களுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

தனிமை குறையாது. அதற்கு வேறு கிளையில், வேறு நிறுவனத்தில், உங்களைப் போல் புதிதாக மாட்டிக்கொண்ட ஒருவரைப் பிடியுங்கள். பின்னேரம் டச்பே கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு இருவரும் உங்கள் ஆட்களைப் பற்றி ஆசை தீரப் புலம்பலாம்.

கேள்வி: கிண்ணியாவில் மொத்த வியாபாரக் கடை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று 16 பேர். ரோஸ்டர் போட்டால் ஒவ்வொரு மாதமும் சண்டை. "உன்னுடைய ஆட்களுக்குத்தான் நல்ல லீவு" என்று எல்லாப் பக்கத்தாலும் சொல்கிறார்கள். எனக்குச் சிங்களம் அவ்வளவு வராது, ஒரு தம்பிதான் மொழிபெயர்ப்பார்.
— கிண்ணியா

பதில்: எல்லாப் பக்கத்தாலும் சொல்கிறார்கள் என்றால் நீங்கள் அநேகமாக நீதியாகத்தான் போடுகிறீர்கள், ஆனால் அது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ரோஸ்டர் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டுங்கள்.

வருடத் தொடக்கத்திலேயே பெரிய கலண்டர் ஒன்றை எடுத்து, எல்லோரையும் வைத்துக்கொண்டு குறித்துவிடுங்கள்: இரண்டு பெருநாள், வெசாக், பொங்கல், கோணேசர் கோயில் சிவராத்திரி, ஆடி அமாவாசை, வெருகல் திருவிழா, சித்திரைப் புத்தாண்டு என்று வருகிற எல்லாம். புத்தாண்டுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக லீவு கேட்பார்கள், அன்றைக்குக் கடையைத் தாங்குபவர்கள் முஸ்லிம் பிள்ளைகள்தான். பெருநாளுக்கு அது திரும்பிப் போகும். வெள்ளி ஜும்ஆ நேரத்துக்கு யார் கல்லாவில், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு யார் என்பதை நீங்கள் தீர்மானிக்காமல் அவர்களிடமே கேளுங்கள். ஆட்கள் தாங்களே மாறிக்கொள்ளும் முறை நீங்கள் போடும் எந்த ரோஸ்டரையும் விட நன்றாக ஓடும், எழுதி வைத்தால் மட்டும் போதும். பக்கத்திலேயே ஆளுக்கு இதுவரை எத்தனை விடுமுறை நாள் வேலை செய்தார்கள் என்று ஒரு நிரல். அதில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும், முதல் வரியில்.

சிங்களம் படியுங்கள். இலக்கணம் வேண்டாம், கடைக்குத் தேவையான 200 சொல் போதும். மொழிபெயர்க்கும் தம்பி நல்லவராக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்னதில் எது போகிறது எது தங்குகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், அப்படியென்றால் பாதி மனேஜர் அவர்தான். உடைந்த சிங்களத்தில் நீங்களே லீவைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரித்தால் நல்லது, அவர்களும் உடைந்த தமிழில் பதில் சொல்வார்கள்.

கேள்வி: தலைமைத்துவம் பிறவியில் வருவதா, பழகுவதா? கொழும்பில் இரண்டு நாள் பயிற்சிக்கு 45,000 ரூபா கேட்கிறார்கள். கைக்காசு. போகவா?
— நிலாவெளி

பதில்: கம்பனி கட்டினால் போங்கள், இரவு ரயிலில் நித்திரையாவது கொள்ளலாம். கைக்காசு என்றால் பொறுங்கள்.

கூகுள் நிறுவனத்தில் 2008 அளவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள், முகாமையாளர்கள் உண்மையில் தேவைதானா என்று பார்க்க. தேவைதான் என்று முடிந்தது. நல்ல முகாமையாளர்களிடம் கண்ட எட்டுப் பழக்கங்களை வரிசைப்படுத்தியபோது முதலில் வந்தது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ப்பது, கடைசியில் வந்தது தொழில்நுட்ப அறிவு. அதுவும் கூகுளில்! எட்டுமே பழகக்கூடியவை, ஒன்றுகூடப் பிறக்கும்போது கொண்டுவருவது இல்லை.

45,000 ரூபாவுக்கு முன்னால் இலவசமாக ஒன்றைப் படியுங்கள், உங்கள் ஆட்களின் சம்பளச் சீட்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 8%, முதலாளி பங்கு 12%. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3%, அது முழுக்க முதலாளியுடையது, சம்பளத்தில் வெட்டக்கூடாது. கடை, அலுவலகம் என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஒரு பிள்ளை வந்து "என்னுடைய காசு ஒழுங்காகப் போகிறதா?" என்று கேட்கும்போது "கணக்குப் பிரிவிடம் கேள்" என்று சொல்லாமல், பக்கத்தில் இருத்தி வரி வரியாகக் காட்டிக் கொடுக்கிற மனேஜரை அவள் வேலை மாறிப் போனபிறகும் மறக்க மாட்டாள். குறைந்திருந்தால் நீங்களே மேலே போய்க் கேளுங்கள். அந்த இடத்தில் தெரிந்துவிடும் தலைமைத்துவம் இருக்கிறதா இல்லையா என்று.

கேள்வி: அக்கா, மனேஜர் ஆனதிலிருந்து நான் சொல்லும் பகிடிக்கெல்லாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் அவ்வளவு பகிடிக்காரன் இல்லையே?
— சாம்பல்தீவு

பதில்: இல்லைத்தான். உங்கள் கடிதத்தில் மூன்று பகிடி இருந்தது, ஒன்றுக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை சொல்லும்போது சுற்றிப் பாருங்கள், சிரிக்காமல் ஒருவர் நிற்பார். அடுத்த மாத ரோஸ்டரை ஒட்டுவதற்கு முன்னால் அவரிடம் காட்டுங்கள்.